முழக்குவோர் செவியும் காக்கப்படல் வேண்டும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் கல்வி, வேலைவாய்ப்பு, சமூக ஒற்றுமை ஆகிய பொருள்களைப் பற்றி அறிஞர் பலர் பேசியுள்ளனர். எனக்குத் தரப்பட்ட நேரத்தில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குச் சிறியதாகத் தோன்றலாம். பறை முழக்கும் நம் இளைஞர்கள் தம் செவிகளை எங்ஙனம் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே அப்பொருள். இன்று காலை இவ்விழாவைப் பறை முழங்கித் தொடங்கி வைத்தோம். பந்தலில் இருந்தோர் எல்லாரும் மகிழ்ந்தோம். அம்முழக்கத்திற்கு மிக அருகில் நின்றவர்கள், அதை எழுப்பிய பதினான்கு பிள்ளைகள்தாம். அவர்களுடைய காது என்னவாகும் என்று நம்மில் எவரேனும் எண்ணியதுண்டா?

பறை, தமிழரின் தொன்மையான கருவி. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துப் பறையையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது. பறைதல் என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்பதே பொருள். மலையாள நாட்டார் இன்றும் அப்பொருளிலேயே அதனை வழங்குகின்றனர். எனினும் சொல்லும் கருவியைச் சுமந்தவர்க்குச் சொல்லும் உரிமை மறுக்கப்பட்டது என்பதே நம் வரலாறு. சாவு வீட்டிலும் திருவிழாவிலும் கட்டாயத்தின் பேரில், கூலியின்றியும் அரைக்கூலிக்கும் பறையடித்த தலைமுறைகள் உண்டு. ஆகவே, இனித் தப்படிக்க மாட்டோம் என்று சூளுரைத்துக் கருவியைக் கீழே வைத்த ஊர்கள் பல. அவர்கள் செய்தது சரியே. பின்னர், இழிவின் சின்னமாக ஆக்கப்பட்ட அதே கருவியை விடுதலையின் இசையாக மேடையேற்றியோர் தோன்றினர். அவர்கள் செய்வதும் சரியே. 2025ஆம் ஆண்டு மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு நடுவணரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது நாம் அடைந்த பெருமிதம் சிறிதன்று. இன்று நம் பெண்பிள்ளைகளும் பறையைத் தோளில் மாட்டி ஆடுகின்றனர். கல்லூரிகளில் குழுக்கள் உள்ளன. கருவிக்கு மதிப்பு வந்துவிட்டது. கருவியை ஏந்தும் உடலுக்கு அம்மதிப்பு இன்னும் வரவில்லை என்பதே என் கருத்து.

செவிப்பறையும் அதன் உட்புறமும்

நம் மொழி, காதினுள் உள்ள மெல்லிய தோலுக்குச் செவிப்பறை என்று பெயர் வைத்துள்ளது. எனவே பறையடிப்பவர் ஒவ்வொருவரும் மூன்று பறைகளை உடையவர். தோளில் தொங்குவது ஒன்று, காதுகளில் உள்ளவை இரண்டு. தோளிலுள்ள பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி விறைப்பேற்றுகிறோம்; தோல் கிழிந்தால் புதுத்தோல் கட்டுகிறோம். செவிப்பறையில் சிறு கிழிசல் ஏற்பட்டால் அதுவும் பெரும்பாலும் தானே கூடிவிடும். ஆனால் கேடு நிகழும் இடம் அதுவன்று.

செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் வாங்கி உட்செவிக்கு அனுப்புகின்றன. அங்கே நத்தை ஓடு போல் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. இவையே அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புபவை. காற்றடிக்கும்போது நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதுபோல் இவற்றின் நுண்மயிர்கள் ஒலிக்குச் சாய்ந்து நிமிர்கின்றன. பெருங்காற்றில் சாய்ந்த பயிர் மறுநாள் ஓரளவு நிமிரும். நாள்தோறும் பெருங்காற்று அடித்தால் அழுகிப்போகும். இவையும் அங்ஙனமே. அடுத்த பட்டத்திற்கு மறுநடவு செய்ய வயலில் இயலும். மனிதக் காதில் அழிந்த உணர்மயிர்ச் செல் மீண்டும் முளைப்பதில்லை. இழந்ததை முழுமையாகத் திருப்பித் தரும் மருந்து இன்றுவரை இல்லை. காது கேட்கும் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். அழிந்த செல்லை உயிர்ப்பிக்காது.

இக்கேடு வரும் முறையும் வஞ்சகமானது. வலி இராது, குருதி வராது. முதலில் உச்ச ஒலிகளை உணரும் பகுதியே பழுதுபடும். பேச்சொலி காதில் விழும், சொல் பிடிபடாது. சட்டி, தட்டி, பட்டி ஆகிய மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கும். பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் முன்னே மங்கும். கூட்டத்தில் எவர் என்ன சொன்னார் என்பது தெரியாமல் போகும். சிலர்க்கு இரவில் காதினுள் ஓயாத இரைச்சல் தொடங்கும், உறக்கம் கெடும்.

என் பெரியப்பா ஊரறிந்த தப்பாட்டக்காரர். சாமிச்சாட்டு அடியானாலும் சப்பரத்தடியானாலும் அவர் கை இறங்கினால் தெருவே எழுந்து நிற்கும். ஐம்பது வயது நிரம்புமுன்பே அவரிடம் எதையும் உரக்கக் கூவித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஊரார் அவரைச் செவிடு என்று கேலி செய்தனர்; வீட்டார் வயதின் குறை என்றனர். கூலி பேசும்போது எதிராளி சொன்ன தொகை அவருக்குக் கேட்பதில்லை. கேட்டதுபோல் தலையசைப்பார். அவர் தலையசைத்த தொகையே கூலியாகிவிடும். செவி இழந்தவன் இசையை மட்டும் இழப்பதில்லை. தன் கூலியைப் பேசும் திறனையும் இழக்கிறான் என்பதை நான் அவரிடமே அறிந்தேன்.

ஒரு பள்ளிக்கூடக் கணக்கு

ஒலியின் அளவை டெசிபெல் என்னும் அலகால் குறிக்கின்றனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. இது முழக்கோலால் துணியளப்பது போன்றதன்று. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும். 10 டெசிபெல் கூடினால் பத்து மடங்காகும். பணியிட நலம் ஆராயும் அமெரிக்க நிறுவனத்தாரின் வரையறைப்படி, 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்திற்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் 1 மணி. 97 என்றால் 30 நிமிடம். 100 என்றால் 15 நிமிடம்.

தோற்கருவிகளை ஓங்கி அறைகையில், அடிப்பவர் காதருகே 100 டெசிபெல்லை எட்டுவது வியப்பன்று. ஒரு குழுவில் பலர் தோளோடு தோள் நின்று அடிக்கிறோம். என் காதில் என் பறை மட்டுமன்றிப் பக்கத்துப் பறையும் விழுகிறது. சாவு வீட்டில் உடல் எடுக்கும்வரை, சப்பரம் நிலைக்கு வரும்வரை எத்தனை மணி நேரம் அடிக்கிறோம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்குரிய பங்கு 15 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய நேரம் முழுவதும் நாம் கடன் வாங்குகிறோம். அக்கடனை அடைப்பது நம் முதுமை.

அளவுகருவி நம்மிடம் இல்லையே என்று கேட்பீர்கள். கையே கருவி. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதென்றால், அவ்விடத்து ஒலி காதுக்கு ஆகாத அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். ஆட்டம் முடிந்தபின் காது அடைத்தாற்போல் இருப்பதும், உள்ளே ஙொய் என்று இரைவதும் எச்சரிக்கை மணிகள். மறுநாள் அது தெளிந்துவிடுவதால் குணமாயிற்று என்று எண்ணலாகாது. தெளிந்தது அடைப்பு மட்டுமே, அழிந்தவை அழிந்தவையே.

இக்கணக்கு நம் வகுப்பறைக்கும் உரியது. ஆடியிலும் சித்திரையிலும் திருவிழா முடிந்த மறுநாள் பள்ளிக்கு வரும் மாணவன், சொல்வதெழுதுதலில் பத்துக்கு நான்கு வாங்குகிறான். கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கிறான். ஆசிரியர் அவனை மந்தம் என்கிறார், கவனமில்லை என்கிறார். அவன் காதைச் சோதித்துப் பார்த்தவர் உண்டா? ஏட்டுக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில் நம் முன்னோர் கற்றதெல்லாம் செவி வழியே. வள்ளுவர் கேள்வி என்றே ஓர் அதிகாரம் வகுத்து, கல்லாதவர்க்கும் அறிவு வரும் வாயில் செவியே என்று காட்டினார். அவ்வாயிலை நாமே அடைத்துக்கொள்ளலாமா?

பிற நாட்டார் செய்தது

ஒலிபெருக்கி இல்லாத இசை காதைக் கெடுக்குமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. இலண்டன் நகரில் ராயல் ஓபரா ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற இசை நாடக அரங்கம் உள்ளது. அங்கே கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடர் என்பவர் வயோலா என்னும் நரம்புக் கருவியை வாசித்து வந்தார். 2012ஆம் ஆண்டு செப்டம்பரில், வாக்னரின் இசை நாடகம் ஒன்றிற்கான ஒத்திகையில், பித்தளைக் குழல் கருவியாளர்களுக்கு நேர் முன்னே அவருடைய இருக்கை அமைந்தது. அவ்வொத்திகையின் ஓசையால் அவருடைய செவி கெட்டது. வாசிப்புத் தொழிலையே விட நேர்ந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். 2018இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கலையின் நயத்தைக் காரணம் காட்டித் தொழிலாளியின் பாதுகாப்பைத் தளர்த்த இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரங்கத்தாரின் பொறுப்பை உறுதிப்படுத்தியது. அவ்வரங்கில் மின்கிதார் முழங்கவில்லை. மரமும் நரம்பும் பித்தளையும் மூச்சும் மட்டுமே அங்கிருந்தவை. அந்நாட்டில் பணியிட இரைச்சல் பற்றிய 2005ஆம் ஆண்டு விதிகள், 2008 முதல் இசைத் துறைக்கும் உரியவை ஆகிவிட்டன.

நம் நாட்டிலும் தொழிலாளியின் உடலைச் சட்டம் காக்க வேண்டும் என்னும் கருத்து புதியதன்று. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, வேலை நேரத்தைக் குறைக்கவும் தொழிலாளர் நலனைச் சட்டமாக்கவும் அரும்பாடுபட்டார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்து அட்டவணையில், இரைச்சலால் வரும் செவிக்கேடு, அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது. ஆலையில் தறி ஓட்டுபவரின் காதுக்குச் சட்டம் உண்டு. தெருவில் பறை அடிப்பவரின் காதுக்கு? நமக்கு ஒரே முதலாளி இல்லை. இன்று ஒரு சாவு வீடு, நாளை ஒரு கோயில் கமிட்டி, மறுநாள் ஒரு கட்சி ஊர்வலம். ஒருநாள் முதலாளியிடம் வாழ்நாள் இழப்பை எங்ஙனம் கேட்பது? ஆகவே நம் செவியை முதலில் நாமே காத்துக்கொள்ள வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

செய்ய வேண்டுவன

முதலாவது, காதடைப்பான். பஞ்சு வைத்துக்கொள்கிறோம் என்பார் உளர். பஞ்சால் பயன் மிகக் குறைவு. கைபேசியின் பாட்டுக் கருவியைக் காதில் செருகுவதும் பாதுகாப்பாகாது. மருந்துக் கடைகளில் மெத்தென்ற நுரைப்பஞ்சால் ஆகிய காதடைப்பான் மலிவாகக் கிடைக்கிறது. அதனை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேல்நோக்கிப் பின்னுக்கு இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முனையை மட்டும் செருகினால் பயனில்லை. இவ்வகை அடைப்பான் உச்ச ஒலியை மிகுதியாகவும் தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காமலும் விடுவதால் ஓசை மூடினாற்போல் கேட்கும். இசைக்கலைஞர்க்கென்றே செய்யப்பட்டது வேறொரு வகை. அது எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் இசையின் தெளிவு கெடாது. விலை சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகும். ஆனால் கழுவிக் கழுவி நெடுநாள் பயன்படுத்தலாம்.

முன் சொன்ன கணக்கை மீண்டும் எடுத்துக்கொள்வோம். 100 டெசிபெல் ஒலியை ஓர் அடைப்பான் 15 டெசிபெல் குறைத்தால் காதுக்குள் போவது 85. 15 நிமிடமாக இருந்த பங்கு 8 மணி நேரமாகிறது. ஒரு நாள் கூலியில் ஒரு பகுதி, உங்கள் காதுக்கு முப்பத்திரண்டு மடங்கு காலத்தைத் தருகிறது.

இரண்டாவது, ஆசான்மார் எழுப்பும் தடை. காதை அடைத்தால் தாளம் தப்பும் என்பர். அவர்கள் அனுபவத்தை மதித்தே மறுமொழி கூறுகிறேன். அடைப்பான் ஒலியைக் குறைக்கிறதேயன்றி மறைப்பதில்லை. மேலும் பறையின் அடி காதால் மட்டும் வருவதன்று; தோளில் வருகிறது, நெஞ்சில் வருகிறது, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்த விரல்களில் வருகிறது. ஸ்காட்லாந்து நாட்டு எவலின் கிளென்னி அம்மையார் சிறு வயதிலேயே செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். காலணியைக் கழற்றி, தரையின் அதிர்வை உடலால் உணர்ந்து, உலகப் புகழ் பெற்ற தாளக் கலைஞராக விளங்குகிறார். செவி போனாலும் கேடில்லை என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. செவிக்கு வரும் ஒலி சற்றுக் குறைந்தால் தாளம் அழியாது என்பதற்காகவே சொல்கிறேன். முதல் சில நாள்கள் தம் குரலே குடத்துள் பேசினாற்போல் கேட்கும். ஆகையால் மேடையில் புதிதாக அணியாமல், பயிற்சியின்போதே அணிந்து பழக வேண்டும்.

மூன்றாவது, செலவே இல்லாத வழிகள். பயிற்சியில் எல்லா நேரமும் முழு ஓசையில் அடிக்க வேண்டியதில்லை. பறையின் மேல் துணி போர்த்தியும், தொடையில் தட்டியும் பாடம் பழகலாம். வட்டமாக நெருங்கி நிற்காமல் அகன்று நிற்கலாம். சுற்று வைத்து ஆளுக்கு ஆள் ஓய்வு கொள்ளலாம். ஓய்வின்போது குழாய் ஒலிபெருக்கியின் முன் அமராமல் ஒதுங்கி அமரலாம். சிறு பிள்ளைகளை வேடிக்கை பார்க்கப் பறைக்கு முன் நிறுத்தலாகாது. காதில் சீழ் வடிபவர் அடைப்பான் அணியுமுன் மருத்துவரைக் காண வேண்டும். ஒருவர் அணிந்ததை மற்றவர் அணியலாகாது.

நான்காவது, அச்சாரம் வாங்கும்போதே பேச வேண்டியவை. இத்தனை மணி நேரம் அடிப்போம், இத்தனை முறை இளைப்பாறுவோம், ஒலிபெருக்கி இவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று குழுத்தலைவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறையில், இசை நிகழ்ச்சிகளின் ஒலி சராசரியாக 100 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என்றும், காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், ஒலியற்ற ஓய்விடம் வேண்டும் என்றும் கூறியுள்ளது. உலகம் ஒப்புக்கொண்ட ஒன்றை நாம் கேட்டால் அது திமிராகாது. கேட்பது நம் உரிமை.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

இவ்வெள்ளி விழாவின் நினைவாக நம் சங்கத்தார் மூன்று பணிகளை மேற்கொள்ள வேண்டுகிறேன். நம் ஊர்க் குழுக்களில் உள்ள பறை, உறுமி, பம்பை, தவில், நாகசுரக் கலைஞர் ஒவ்வொருவர்க்கும் ஒரு ஜோடி இசைக் காதடைப்பான் வாங்கித் தர வேண்டும். ஆண்டுதோறும் தை மாதத்தில், திருவிழாக் காலம் தொடங்குமுன், அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவினரோடு பேசி, கலைஞர்க்கும் நம் மாணவர்க்கும் செவிச் சோதனை நடத்த வேண்டும். சோதனைத் தாளைப் பாதுகாத்து வைத்தால், அடுத்த ஆண்டு எவர் காது எவ்வளவு குறைந்தது என்பது தெரியும், காலத்தில் விழித்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, கட்டாயத்தின் பேரில் பறையடித்துச் செவி இழந்த நம் முதியோரைக் கணக்கெடுத்து, உரிய மருத்துவச் சான்றும் கேட்கும் கருவியும் அரசின் உதவியும் அவர்கள் பெறத் துணை நிற்க வேண்டும். அவர்கட்கு நாம் பட்ட கடன் பெரிது.

இளைஞர்களே! கருவியை விட்டவர் வீட்டுப் பிள்ளையாயினும், கருவியை ஏந்திய வீட்டுப் பிள்ளையாயினும் இது உங்களுக்கு உரியது. காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு அடித்தால் ஊரார் நகைப்பர் என்று அஞ்சாதீர்கள். செருப்பணிந்து தெருவில் நடந்தபோதும், தோளில் துண்டு போட்டபோதும் நம்மைப் பார்த்து நகைத்தவர்கள் இருந்தார்கள். நம் உடல் நமக்குரியது என்று நாம் காட்டியபோதெல்லாம் அந்நகைப்பு எழுந்து அடங்கியது. இன்று மாலை ஊர்வலத்தில் அடிக்கப்போகும் குழுவினர்க்கென நான் வாங்கி வந்த காதடைப்பான்கள் மேடையருகில் மேசைமேல் உள்ளன. புறப்படுமுன் ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். அணியும் முறையை நானே உடனிருந்து காட்டுகிறேன்.